சாஞ்சோ பான்சா: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செர்வாண்டிஸ் எழுதிய 'டான் குவிக்சாட்' நாவலின் ஏவலாள் சாஞ்சோ பான்சாவைப் பற்றி வாசகர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் இவை. நாவலைப் படிக்காதவர்களுக்கும் புரியும்படி எழுதியிருக்கிறேன். கதையின் முடிவும் இதில் வருகிறது என்பதை முன்பே சொல்லிவிடுகிறேன்.

சாஞ்சோ பான்சா யார்?

ஸ்பெயினின் லா மாஞ்சா பகுதியில் ஒரு சிற்றூர். ஐம்பது வயதை ஒட்டிய ஒரு சிறு நிலக்கிழார் அங்கே வீரசாகசக் கதைகளை இரவு பகலாகப் படித்துப் புத்தி பேதலித்துப்போகிறான். டான் குவிக்சாட் என்று தனக்குத்தானே பெயர் சூட்டிக்கொண்டு உலகத்து அநீதியை ஒழிக்கக் கிளம்புகிறான். முதல் பயணம் தனியாக. உதை வாங்கி வீடு திரும்பிய பிறகுதான், வீரன் என்றால் ஒரு ஏவலாள் வேண்டுமே என்று அவனுக்குத் தோன்றுகிறது. அதே ஊரில் இருக்கும் ஓர் ஏழை விவசாயியைப் பேசிப் பேசிக் கரைக்கிறான். "நான் ஒரு தீவை வெல்வேன், அதற்கு நீதான் ஆளுநர்" என்று ஆசை காட்டுகிறான்.

அந்த விவசாயிதான் சாஞ்சோ. குட்டை உருவம், பெரிய வயிறு, எழுதப் படிக்கத் தெரியாது. தெரேசா என்று மனைவி, ஒரு மகள், ஒரு மகன், ஒரு சாம்பல் நிறக் கழுதை. முதல் பாகத்தின் ஏழாம் அத்தியாயத்தில் வருகிறான். எட்டாம் அத்தியாயத்திலேயே, "ஐயா, அவை அரக்கர்கள் இல்லை, காற்றாலைகள்" என்கிறான். முதல் பாகம் 1605-இலும் இரண்டாம் பாகம் 1615-இலும் வெளிவந்தன.

வாசகர்களைச் சிரிக்கவைக்க மட்டும் சேர்க்கப்பட்ட பாத்திரமா?

தொடக்கத்தில் செர்வாண்டிஸ் அப்படி நினைத்திருக்கலாம். "மண்டையில் உப்புக் குறைவு" என்றுதான் அவனை அறிமுகப்படுத்துகிறார். முதல் பாகத்தில் அவன் படும் பாடு முழுக்கச் சிரிப்புக்கானது. சத்திரத்தில் காசு கொடுக்காமல் நழுவப் பார்த்தவனைச் சிலர் போர்வையில் போட்டு வானத்துக்கும் தரைக்குமாகத் தூக்கித் தூக்கி எறிகிறார்கள். அந்த அவமானத்தை அவன் கடைசி வரை மறப்பதில்லை.

ஆனால் முதல் பயணத்தைத் திரும்பப் படித்துப் பாருங்கள். டான் குவிக்சாட் தனியாகப் போகும் அந்த அத்தியாயங்களில் பேச்சுத் துணை கிடையாது. அவன் தனக்குத்தானே புலம்புகிறான். சாஞ்சோ வந்ததும் நாவலின் மூச்சே மாறிவிடுகிறது. சாலையில் இரண்டு பேர் பேசிக்கொண்டே போகிறார்கள். அதுதான் அதற்குப் பிறகு இந்த நூல். சாஞ்சோ விட்டுப்போன செல்வாக்கு என்று எதைச் சொல்வீர்கள் என்று கேட்டால், நான் அந்தப் பேச்சைத்தான் சொல்வேன். வயிறும் கழுதையும் பிறகு.

அவனுக்கு முன்னால் இலக்கியத்தில் இப்படி ஏவலாட்கள் இல்லையா?

இருந்தார்கள். ஸ்பானிஷ் சாகசக் கதைகளில் அமாதீஸ் என்ற வீரனுக்குக் காந்தாலின் என்ற விசுவாசமான ஏவலாள் உண்டு. எசமானிடம் அவன் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு தலைகுனிந்துதான் பேசுவான். டான் குவிக்சாட்டே அதைச் சொல்லிக் காட்டி சாஞ்சோவின் வாயை அடைக்கப் பார்க்கிறான். 14-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த 'வீரன் சிபார்' கதையில் பழமொழி பேசும் ரிபால்தோ என்ற பணியாளையும் அறிஞர்கள் முன்னோடியாகக் காட்டுவார்கள். நாடக மேடையில் கோமாளி வேலைக்காரனும் அப்போது பிரபலம். இவர்களில் யாருமே கதை நகர நகர சாஞ்சோ அளவுக்கு வேறொரு மனிதனாக வளர்ந்ததில்லை.

அப்படியானால் சாஞ்சோ மாறுகிறானா? எப்படி?

இதற்கு இரண்டாம் பாகத்தின் பத்தாம் அத்தியாயத்தை விட நல்ல சான்று கிடையாது. டான் குவிக்சாட்டின் கனவுக் காதலி துல்சினேயா. எசமானின் காதல் கடிதத்தை அவளிடம் கொடுத்துவிட்டதாக சாஞ்சோ முதல் பாகத்தில் பொய் சொல்லியிருந்தான். இப்போது எல் தொபோசோ ஊருக்குப் போய் அவளை அழைத்து வரச் சொன்னால் என்ன செய்வான்? ஒரு மரத்தடியில் உட்கார்ந்து தனக்குத்தானே பேசி யோசிக்கிறான். அந்த நேரம் மூன்று கிராமத்துப் பெண்கள் கழுதை மேல் வருகிறார்கள். ஓடிப்போய், "ஐயா, இதோ துல்சினேயா இளவரசி, தோழிகளோடு வருகிறாள்" என்று மண்டியிடுகிறான்.

எசமான் கண்ணைக் கசக்கிப் பார்க்கிறான். அவனுக்குத் தெரிவது மூன்று கிராமத்துப் பெண்கள்தான். காற்றாலையை அரக்கன் என்றவன் இங்கே உள்ளதை உள்ளபடி பார்க்கிறான். உள்ளதைச் சொல்லி வந்தவன் இல்லாத இளவரசியை வர்ணிக்கிறான். யாரோ மந்திரவாதி தன் கண்ணை மறைத்துவிட்டான் என்று டான் குவிக்சாட் முடிவு செய்கிறான். இரண்டாம் பாகத்தின் பெரும் பகுதி இந்த ஒரு பொய்யிலிருந்துதான் நகர்கிறது. கதையை ஓட்டும் கை ஏவலாளின் கை ஆகிவிட்டது. இலக்கிய அறிஞர் எரிக் அவர்பாக் மேற்கத்திய இலக்கியத்தைப் பற்றிய தன் பெரிய நூலில் ஒரு முழு அத்தியாயத்தை இந்தக் காட்சிக்கு ஒதுக்கினார்.

ஸ்பானிஷ் எழுத்தாளர் சால்வதோர் தே மதாரியாகா 1926-இல் இந்த நாவலுக்கு எழுதிய வாசகர் வழிகாட்டியில் இந்த மாற்றத்தைத் தெளிவாக வரைந்து காட்டினார். போகப் போக சாஞ்சோவுக்கு எசமானின் கனவு தொற்றுகிறது, எசமானுக்கு சாஞ்சோவின் நிதானம் தொற்றுகிறது என்பது அவருடைய வாதம். நூலிலேயே இதற்கு அழகான இடங்கள் உண்டு. இரண்டாம் பாகத்தின் ஐந்தாம் அத்தியாயத்தில் சாஞ்சோவும் தெரேசாவும் மகளின் கல்யாணத்தைப் பற்றி வாக்குவாதம் செய்கிறார்கள். சாஞ்சோ இவ்வளவு நேர்த்தியாகப் பேசுவானா, இந்த அத்தியாயம் இடைச்செருகலாக இருக்கும் என்று கதைக்குள் வரும் மொழிபெயர்ப்பாளரே சந்தேகப்படுகிறார். 68-ஆம் அத்தியாயத்தில் டான் குவிக்சாட்டின் வாயிலிருந்து ஒரு பழமொழி வந்ததும், "இப்போது பழமொழி கோப்பது நான் இல்லை ஐயா, உங்கள் வாயிலிருந்தும் ஜோடி ஜோடியாக உதிர்கிறது" என்று சாஞ்சோ பிடித்துக்கொள்கிறான்.

அவன் பேச்சில் ஏன் இத்தனை பழமொழிகள்?

படிக்காத மனிதனின் நூலகம் அது. டான் குவிக்சாட் படித்த நூல்களிலிருந்து மேற்கோள் காட்டினால், சாஞ்சோ ஊர் வாயிலிருந்து காட்டுகிறான். பொருத்தமாகவும் சொல்வான், சம்பந்தமே இல்லாமல் நான்கைந்தை அடுக்கவும் செய்வான். எசமானுக்கு எரிச்சல் தலைக்கேறி, "அறுபதாயிரம் பேய்கள் உன்னையும் உன் பழமொழிகளையும் கொண்டு போகட்டும்" என்று திட்டுகிறான்.

"குடம் கல்லில் மோதினாலும் கல் குடத்தில் மோதினாலும் கேடு குடத்துக்குத்தான்" என்பது அவன் சொல்வதில் ஒன்று. முள் மேல் சேலை பட்டாலும் சேலை மேல் முள் பட்டாலும் சேதம் சேலைக்குத்தான் என்று நம் ஊரில் சொல்வதைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அந்த இடத்தில் சாஞ்சோ சட்டென்று நெருக்கமாகிவிடுவான். பலமுள்ளவனோடு மோதும் ஏழையின் நிலைமை லா மாஞ்சாவிலும் அதேதான். தன் பாட்டி சொன்னதாக அவன் சொல்லும் இன்னொன்றும் எனக்குப் பிடிக்கும்: உலகத்தில் இரண்டே குலங்கள்தான், இருக்கிறவர்கள், இல்லாதவர்கள். பிறப்பும் குலப்பெருமையும் எல்லாவற்றையும் தீர்மானித்த 17-ஆம் நூற்றாண்டு ஸ்பெயினில், ஒரு கல்யாண விருந்தின் சமையல் பானைகளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு இதைச் சொல்கிறான்.

தூக்கத்தைக் கண்டுபிடித்தவன் நன்றாக இருக்கட்டும், அது மனிதனின் கவலைகளையெல்லாம் மூடும் போர்வை என்று அவன் பேசும் பகுதியும் தனியே எடுத்துப் படிக்கத் தகுந்தது. அவன் இவ்வளவு அழகாகப் பேசி நான் கேட்டதே இல்லை என்று அங்கே டான் குவிக்சாட்டே வியக்கிறான்.

தீவுக்கு ஆளுநர் ஆனானா இல்லையா?

ஆனான். சாஞ்சோவைப் பற்றி ஒரே ஒரு பகுதி மட்டும் படிக்க முடியும் என்றால் இதைத்தான் படிக்கச் சொல்வேன்.

இரண்டாம் பாகத்தில் ஒரு பிரபுவும் அவர் மனைவியும் வருகிறார்கள். முதல் பாகத்தைப் படித்தவர்கள் அவர்கள். பொழுதுபோக்குக்காக இந்த இருவரையும் தங்கள் மாளிகையில் வைத்து விதவிதமாக ஏமாற்றுகிறார்கள். தங்கள் நிலத்தில் உள்ள ஓர் ஊரை பரத்தாரியா தீவு என்று சொல்லி சாஞ்சோவை அங்கே ஆளுநராக அனுப்புகிறார்கள். அதைச் சுற்றிக் கடலே கிடையாது. ஊர்க்காரர்களுக்கும் இது நாடகம் என்று தெரியும். படிக்காத விவசாயி நாற்காலியில் உட்கார்ந்து உளறுவதைப் பார்த்துச் சிரிக்க எல்லாரும் காத்திருக்கிறார்கள்.

அவன் உளறவில்லை. முதல் நாளே வழக்குகள் வருகின்றன. ஒரு கிழவர் பத்துப் பொற்காசு கடன் கொடுத்திருக்கிறார். வாங்கியவர் திருப்பிக் கொடுத்துவிட்டதாகச் சத்தியம் செய்யத் தயார். சத்தியம் செய்யும்போது கையில் இருந்த தடியைக் கொஞ்சம் பிடித்துக்கொள்ளும்படி கடன் கொடுத்தவரிடமே நீட்டுகிறார், சத்தியம் முடிந்ததும் திரும்ப வாங்கிக்கொள்கிறார். சாஞ்சோ தலையைக் குனிந்து கொஞ்ச நேரம் யோசிக்கிறான். பிறகு அந்தத் தடியைக் கேட்டு வாங்கி உடைக்கச் சொல்கிறான். உள்ளே பத்துப் பொற்காசும் இருக்கின்றன. இது புனித நிக்கோலஸின் பழங்கதைகளில் ஏற்கெனவே உள்ள கதைதான். தங்கள் ஊர்ப் பாதிரியார் இது போன்ற ஒன்றைச் சொல்லிக் கேட்டதாக சாஞ்சோவே ஒப்புக்கொள்கிறான். கேட்டதை நினைவில் வைத்துச் சரியான நேரத்தில் பயன்படுத்துகிறான் என்பதுதான் இதில் பெரிய விஷயம்.

இன்னொரு வழக்கு கடினமானது. ஒரு பாலம், அதன் மறுபுறம் ஒரு தூக்குமரம். கடப்பவர் தாம் எங்கே எதற்குப் போகிறோம் என்று சத்தியம் செய்து சொல்ல வேண்டும். உண்மை என்றால் போகலாம், பொய் என்றால் தூக்கு. ஒருவன் வந்து, "நான் இந்தத் தூக்கில் சாகத்தான் போகிறேன்" என்கிறான். தூக்கிலிட்டால் அவன் சொன்னது உண்மையாகிவிடுகிறது, அப்போது விட்டிருக்க வேண்டும். விட்டுவிட்டால் அவன் சொன்னது பொய், அப்போது தூக்கிலிட்டிருக்க வேண்டும். தர்க்கவியல் நூல்களில் இன்றும் சாஞ்சோவின் பெயரோடு வரும் புதிர் இது. அவன் தீர்ப்பு: இரண்டு பக்கமும் நியாயம் சமமாக இருப்பதால் அவனை விட்டுவிடுங்கள், கெடுதல் செய்வதை விட நல்லது செய்வதைத்தான் உலகம் மெச்சும். நீதியில் சந்தேகம் வந்தால் கருணையின் பக்கம் சாய வேண்டும் என்று தன் எசமான் சொல்லி அனுப்பியதாகவும் சேர்த்துச் சொல்கிறான். பைத்தியக்காரன் கொடுத்த அறிவுரையைப் படிக்காதவன் நடைமுறைப்படுத்துகிறான். நல்ல ஆட்சி நடக்கிறது.

இதற்கிடையே அவனுக்குச் சாப்பாடு கிடையாது. பெத்ரோ ரெசியோ என்ற மருத்துவர் மேசைப் பக்கத்தில் குச்சியோடு நின்று, உடம்புக்கு ஆகாது என்று ஒவ்வொரு தட்டாக எடுக்கச் சொல்லிவிடுகிறார். அந்தப் பசியிலும் அவன் உணவுப்பொருளை மொத்தமாக வாங்கிப் பதுக்கி விற்பதைத் தடை செய்கிறான், செருப்பு விலையைக் குறைக்கிறான். அவன் போட்ட சட்டங்கள் அந்த ஊரில் இன்றும் அமலில் இருப்பதாக நூல் சொல்கிறது.

எப்படி முடிகிறது அந்த ஆட்சி?

ஏழாம் நாள் இரவு எதிரி படையெடுத்து வருவதாக ஒரு பொய்க் கூச்சல். சாஞ்சோவை இரண்டு கேடயங்களுக்கு நடுவே வைத்துக் கட்டிக் கீழே தள்ளி மிதிக்கிறார்கள். விடிந்ததும் அவன் யாரையும் திட்டவில்லை. லாயத்துக்குப் போய்த் தன் கழுதையைக் கட்டிப் பிடித்து நெற்றியில் முத்தமிடுகிறான். "ஆளுநரின் செங்கோலை விடக் கையில் ஓர் அரிவாள் இருப்பது எனக்கு நல்லது" என்கிறான். காசில்லாமல் வந்தேன், காசில்லாமல் போகிறேன், மற்ற தீவுகளின் ஆளுநர்கள் இப்படிப் போவதில்லை என்றும் சொல்கிறான். கழுதைக்குக் கொஞ்சம் பார்லியும், தனக்குப் பாதிப் பாலாடைக்கட்டியும் பாதி ரொட்டியும் போதும் என்று கிளம்புகிறான். சிரிக்க வந்தவர்கள் எல்லாரும் அவனைக் கட்டிப்பிடிக்கிறார்கள், அவன் அழுதுகொண்டே அவர்களைக் கட்டிப்பிடிக்கிறான்.

பதவிக்கு ஆசைப்பட்டு வீட்டை விட்டுக் கிளம்பிய மனிதன், கிடைத்த பதவியைத் தானே இறக்கிவைக்கிறான். அரசியல் பேசும் எத்தனையோ நூல்களில் இல்லாத தெளிவு இந்தச் சில பக்கங்களில் இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இவ்வளவு அடிபட்டும் எசமானை விட்டு ஏன் போகவில்லை? பேராசைதானே?

பேராசை இருந்தது, அதை மறைக்க வேண்டியதில்லை. கூலியும் கேட்கிறான். முன்பு வேறொருவரிடம் வேலை செய்தபோது மாதம் இரண்டு தூக்காத்து நாணயமும் சாப்பாடும் கிடைத்ததே என்று கணக்குச் சொல்கிறான். சாகச வீரர்களின் ஏவலாட்களுக்குச் சம்பளம் என்று எந்த நூலிலும் இல்லை என்று டான் குவிக்சாட் மறுத்துவிடுகிறான். இருவருக்கும் சண்டை வருகிறது. ஒருமுறை சாஞ்சோ எசமானைக் கீழே தள்ளி மார்பில் முழங்காலை ஊன்றி, எனக்கு நானே எசமான் என்கிறான்.

ஆனால் வேறோர் ஏவலாளிடம் மனம் விட்டுப் பேசும்போது அவன் சொல்வதைக் கேளுங்கள்: என் எசமானுக்குச் சூது தெரியாது, யாருக்கும் கெடுதல் செய்யத் தெரியாது, பட்டப்பகலை இரவு என்று ஒரு குழந்தை சொன்னாலும் நம்பிவிடுவான், அந்த வெள்ளை மனசுக்காகத்தான் என் உயிர் போல நேசிக்கிறேன், எத்தனை கிறுக்குத்தனம் செய்தாலும் விட்டுப் போக மனம் வரவில்லை. பிரபுவின் மனைவியிடமும் இதையே சொல்கிறான். ஒரே ஊர்க்காரர்கள், அவன் சோற்றைத் தின்றிருக்கிறேன், மண்வெட்டி குழி தோண்டும் வரை எங்களைப் பிரிக்க முடியாது என்கிறான்.

கடைசி அத்தியாயத்தில் டான் குவிக்சாட்டுக்குப் புத்தி தெளிகிறது, படுக்கையில் சாகக் கிடக்கிறான். சாஞ்சோ அழுதுகொண்டே, "சாகாதீர்கள் ஐயா. யாரும் கொல்லாமல், வெறும் துக்கத்தால் ஒரு மனிதன் சாவதுதான் பெரிய பைத்தியக்காரத்தனம். எழுந்திருங்கள், இடையர் வேடத்தில் வயலுக்குப் போவோம்" என்று கெஞ்சுகிறான். காற்றாலையைக் காற்றாலை என்ற அதே மனிதன் இது. ஸ்பானிஷ் எழுத்தாளர் மிகெல் தே உனாமுனோ 1905-இல் எழுதிய விளக்க நூலில், டான் குவிக்சாட்டின் நம்பிக்கைக்கு உண்மையான வாரிசு சாஞ்சோதான் என்று சொன்னதற்குக் காரணம் இங்கே இருக்கிறது. அவனை வெறும் வயிறு என்று சொல்பவர்கள் இந்தப் பக்கங்கள் வரை வந்து சேரவில்லை.

அவனுக்குக் குறைகளே இல்லையா?

உண்டு, சில மோசமானவை. முதல் பாகத்தில், ஆப்பிரிக்காவில் தனக்கு ஒரு நாடு கிடைக்கும் என்று நம்பும்போது, அங்குள்ள கறுப்பின மக்களை அடிமைகளாக விற்றுக் காசாக்கலாம் என்று கணக்குப் போடுகிறான். தான் யூதர்களின் எதிரி என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறான். அந்தக் காலத்து ஸ்பெயினின் அழுக்கு அவனிடமும் ஒட்டியிருக்கிறது. இதைப் பூசி மெழுகக் கூடாது.

கூடவே ரிகோத்தே வரும் பகுதியையும் படிக்க வேண்டும். 1609 முதல் 1614 வரை ஸ்பெயின் அரசு மொரிஸ்கோக்களை, அதாவது முன்னாள் முஸ்லிம்களின் வழிவந்தவர்களை, நாட்டை விட்டு விரட்டியது. சாஞ்சோவின் ஊரில் கடை வைத்திருந்த ரிகோத்தே அப்படி விரட்டப்பட்டு, புதைத்து வைத்த பணத்தை எடுக்க மாறுவேடத்தில் திரும்பி வருகிறான். பதவியைத் துறந்துவிட்டு வரும் சாஞ்சோ அவனை வழியில் பார்க்கிறான். கழுதை மேல் இருந்தபடியே கட்டிப்பிடிக்கிறான். உட்கார்ந்து சேர்ந்து சாப்பிடுகிறார்கள், குடிக்கிறார்கள். பணத்தை எடுக்க உதவ மாட்டேன், அரசருக்குத் துரோகம் ஆகும்; காட்டிக் கொடுக்கவும் மாட்டேன் என்கிறான். விரட்டல் முடிந்த மறு வருஷமே அச்சான நூலில் இந்தக் காட்சி வந்தது.

போலி சாஞ்சோ ஒருவன் உண்டு என்கிறார்களே?

1614-இல் அவெயானேதா என்ற புனைபெயரில் யாரோ ஒருவர் போலி இரண்டாம் பாகத்தை வெளியிட்டுவிட்டார். அதில் சாஞ்சோ பெருந்தீனிக்காரன், ரசனையற்ற கோமாளி. செர்வாண்டிஸ் தன் இரண்டாம் பாகத்திலேயே பதில் கொடுத்தார்: சத்திரம் ஒன்றில் அந்தப் போலி நூலைப் பற்றிக் கேள்விப்படும் சாஞ்சோ, அதில் இருப்பது நான் இல்லை என்று மறுக்கிறான். பின்னால் வந்த பல நகல்கள் செய்த தவறையே அவெயானேதா முதலில் செய்தார் என்பேன். வயிற்றை எடுத்துக்கொண்டார், பேச்சையும் அன்பையும் விட்டுவிட்டார்.

பிற்கால இலக்கியத்தில் அவன் வழிவந்தவர்கள் யார்?

ஆங்கில நாவல் வளர்ந்ததே செர்வாண்டிஸின் நிழலில்தான். ஹென்றி பீல்டிங் 1742-இல் வெளியிட்ட 'ஜோசப் ஆண்ட்ரூஸ்' நாவலின் முகப்பிலேயே செர்வாண்டிஸின் பாணியில் எழுதியது என்று போட்டார். அவருடைய 'டாம் ஜோன்ஸ்' நாவலில் வரும் பார்ட்ரிட்ஜ் சாஞ்சோவின் நேரடி உறவினன். லாரன்ஸ் ஸ்டெர்னின் 'டிரிஸ்ட்ரம் ஷாண்டி' நாவலில் வரும் டோபி மாமாவும் கார்ப்பரல் டிரிம்மும் இன்னொரு ஜோடி.

டிக்கன்ஸின் 'பிக்விக் பேப்பர்ஸ்' 1836-இல் மாத இதழ்களாக வரத் தொடங்கியபோது சில நூறு பிரதிகள்தான் போயின. நான்காம் இதழில் சாம் வெல்லர் என்ற வேலைக்காரன் வந்தான், விற்பனை ஏறத் தொடங்கியது. முடியும்போது ஏறக்குறைய 40,000. பழமொழி போன்ற ஒரு வாக்கியத்தைச் சொல்லி அதை விபரீதமான ஓர் ஆளின் வாயில் போடுவது சாமின் பழக்கம். அவனையும் பிக்விக்கையும் சாஞ்சோவோடும் டான் குவிக்சாட்டோடும் அக்காலத்திலேயே ஒப்பிட்டார்கள்.

என்னைக் கேட்டால் சாஞ்சோவை ஆழமாகப் புரிந்துகொண்டவர் பிரான்சின் தித்ரோ. அவர் இறந்த பிறகு 1796-இல் வந்த 'விதிவாதி ஜாக்' நாவலில் வேலைக்காரனும் எசமானும் குதிரையில் பேசிக்கொண்டே போகிறார்கள், பேச்சில் மேல் கை வேலைக்காரனுடையது. சாஞ்சோ இல்லாத டான் குவிக்சாட் போலவே இவர்களும் பிரிந்தால் ஒன்றுக்கும் ஆகமாட்டார்கள் என்று தித்ரோவே சொல்கிறார். பிரெஞ்சுப் புரட்சிக்கு முந்தைய வருஷங்களில் எழுதப்பட்டது என்பதை நினைவில் வைத்துப் படித்தால், யார் எசமான் என்ற கேள்வி அதில் எவ்வளவு கூர்மை என்று தெரியும்.

20-ஆம் நூற்றாண்டில் கிரகாம் கிரீன் 1982-இல் எழுதிய 'மான்சிக்னோர் குவிக்சாட்' நாவலில் ஒரு கத்தோலிக்கப் பாதிரியாரும் பதவி இழந்த கம்யூனிஸ்ட் மேயரும் ஒரு பழைய சீயட் காரில் ஸ்பெயினைச் சுற்றுகிறார்கள். மேயரைப் பாதிரியார் கூப்பிடுவது சாஞ்சோ என்று. நம்பிக்கையும் சந்தேகமும் இரண்டு பேரிடமும் இடம் மாறிக்கொண்டே இருக்கின்றன. சல்மான் ருஷ்டியின் 'கிஷோட்' (2019) நாவலில் அமெரிக்காவில் வாழும் இந்திய விற்பனைப் பிரதிநிதி ஒருவர் கற்பனையிலிருந்தே ஒரு மகனை வரவழைத்து அவனுக்கு சாஞ்சோ என்று பெயர் வைக்கிறார்.

காஃப்கா சாஞ்சோவைப் பற்றி எழுதியிருக்கிறாரா?

1917-இல், ஒரே பத்தி. அதன்படி டான் குவிக்சாட் என்பது சாஞ்சோவுக்குள் இருந்த பேய். இரவு இரவாகச் சாகசக் கதைகளை ஊட்டி அதைத் தன்னை விட்டு வெளியே அனுப்பிவிட்டான் சாஞ்சோ. பிறகு பொறுப்புணர்ச்சியால் அதன் பின்னாலேயே போனான், கடைசி வரை அதில் பெரிய இன்பம் கண்டான். இரண்டாம் பாகத்தில் கதையை ஓட்டுவது யார் என்று கவனித்தவர்களுக்கு இது விசித்திரமாகவே தோன்றாது.

தத்துவவாதிகள் அவனை எடுத்தாண்டதுண்டா?

டேவிட் ஹ்யூம் 1757-இல் சுவையின் அளவுகோல் பற்றி எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் சாஞ்சோ சொல்லும் ஒரு கதையை எடுத்துக்கொண்டார். சாஞ்சோவின் உறவினர்கள் இரண்டு பேர் ஒரு பீப்பாய் ஒயினைச் சுவை பார்த்தார்கள். ஒருவர் இரும்பு வாடை என்றார், மற்றவர் தோல் வாடை என்றார். எல்லாரும் சிரித்தார்கள். பீப்பாய் காலியானதும் அடியில் தோல்வார் கட்டிய ஒரு சாவி கிடந்தது. நுட்பமான ரசனை என்பது வெறும் தனிமனித விருப்பம் இல்லை, பொருளில் உள்ளதைக் கண்டுபிடிக்கும் திறன் என்று விளக்க ஹ்யூமுக்கு இது உதவியது. எடுத்தாளும்போது இருவரின் கருத்தையும் அவர் கொஞ்சம் மாற்றிச் சொல்லியிருக்கிறார்.

ரஷ்ய இலக்கிய அறிஞர் மிகயீல் பக்தீன் பிரெஞ்சு எழுத்தாளர் ரபேலேயைப் பற்றிய நூலில் சாஞ்சோவின் வயிற்றையும் பசியையும் கிராமத் திருவிழாக்களின் சிரிப்போடு சேர்த்துப் படித்தார். எசமானின் உயரப் பறக்கும் லட்சியத்தை மண்ணுக்கு இழுக்கும் மக்கள் சிரிப்பு அது.

இசை, ஓவியம், மேடை?

பட்டியல் நீளம், எனக்குப் பிடித்தவற்றை மட்டும் சொல்கிறேன். ரிச்சர்டு ஸ்ட்ராஸின் 'டான் குவிக்சாட்' (1897) இசைப் படைப்பில் டான் குவிக்சாட் செல்லோ, சாஞ்சோ பெரும்பாலும் வயோலா. மூன்றாம் பகுதி முழுக்க இருவரின் உரையாடல். வயோலா வாய் ஓயாமல் பழமொழி பேசுவது போலவே இருக்கும். மாஸ்னேயின் 1910 ஓபராவில் எசமானைப் பார்த்துச் சிரிக்கும் கூட்டத்தை எதிர்த்து சாஞ்சோ பாடும் பாடல் அந்த ஓபராவின் உச்சம். டெலிமானின் இசைத்தொகுப்பில் போர்வையில் தூக்கி எறியப்படும் காட்சிக்கே தனி இசைத்துண்டு உண்டு.

1863-இல் குஸ்தாவ் டோரே வரைந்த படங்களும் 1955-இல் பிக்காசோ வரைந்த கறுப்பு மைச் சித்திரமும் அந்த இரண்டு உருவங்களை உலகத்தின் கண்ணில் பதித்தன. ஆனால் அவன் மக்களிடம் போய்ச் சேர ஓவியங்களுக்காகக் காத்திருக்கவில்லை. 1607-லேயே, நூல் வந்த இரண்டு வருஷத்தில், பெருவின் மலை ஊரான பௌசாவில் நடந்த ஒரு விழாவில் டான் குவிக்சாட்டோடு சாஞ்சோ வேடமும் வந்திருக்கிறது.

"நாய்கள் குரைக்கின்றன சாஞ்சோ, நாம் முன்னேறுகிறோம் என்று அர்த்தம்" எந்த அத்தியாயத்தில் வருகிறது?

எதிலும் வராது. இணையத்தில் மிக அதிகமாகப் பகிரப்படும் இந்த வாக்கியம் செர்வாண்டிஸ் எழுதியதே இல்லை. இதற்கு நெருக்கமான கருத்து கெத்தேயின் ஒரு சிறு கவிதையில் இருக்கிறது. இன்னொன்றும் உண்டு: "தேவாலயத்தில் மோதிவிட்டோம், சாஞ்சோ." இது நூலில் இருக்கிறது, ஆனால் மதபீடத்தைப் பற்றிய விமர்சனமாக இல்லை. இருட்டில் துல்சினேயாவின் அரண்மனையைத் தேடிப் போனவர்கள் எதிரே நின்ற கட்டடம் ஊர்க் கோயில் என்று தெரிந்துகொள்கிறார்கள், அவ்வளவுதான்.

வானத்தில் அவன் பெயர் இருக்கிறதாமே?

ஆமாம். 2015-இல் சர்வதேச வானியல் ஒன்றியம் ஒரு விண்மீனுக்கு செர்வாண்டிஸ் என்று பெயர் சூட்டியது. அதைச் சுற்றும் நான்கு கோள்கள் கிஹோத்தே (குவிக்சாட்டின் ஸ்பானிஷ் உச்சரிப்பு), துல்சினேயா, ரோசினாந்தே (டான் குவிக்சாட்டின் குதிரை), சாஞ்சோ.

இன்னொரு திட்டம் பெயர்ப் பொருத்தத்தில் இதை விட அருமை. ஐரோப்பிய விண்வெளி முகமை 'டான் கிஹோத்தே' என்ற பெயரில் ஒரு பயணத்தைத் திட்டமிட்டது. அதில் இரண்டு கலங்கள். ஒன்று சிறுகோள் மீது போய் மோத வேண்டும். சாஞ்சோ என்ற மற்றொன்று பாதுகாப்பான தூரத்தில் நின்று என்ன நடந்தது என்று கவனித்துச் சொல்ல வேண்டும். அது பறக்கவில்லை. ஆனால் அந்த யோசனையின் வழியில்தான் 2022-இல் நாசாவின் டார்ட் கலம் டைமார்பஸ் சிறுகோளில் மோதியது. விளைவை அருகில் போய்ப் பார்க்க ஐரோப்பாவின் ஹெரா கலம் 2024-இல் கிளம்பியது.

முழு நூலும் ரொம்பப் பெரியது. சாஞ்சோவுக்காக மட்டும் எதைப் படிக்கலாம்?

முதல் பாகத்தில் 7, 8, 17, 20. இருபதாம் அத்தியாயத்தில் இருட்டில் பயந்துபோன சாஞ்சோ, ஆற்றைக் கடக்கும் ஆடுகளை எண்ணச் சொல்லிக் கதை சொல்வான், விட்டுவிடாதீர்கள். இரண்டாம் பாகத்தில் 5, 10, 13, பிறகு 42 முதல் 55 வரை, கடைசியாக 74. இடையில் பிரபுவின் மாளிகை அத்தியாயங்கள் சில இழுக்கும், அவர்கள் செய்யும் கொடுமை எரிச்சலூட்டும். அவற்றைத் தாண்டிப் போனால் தவறில்லை. 5-ஐ மட்டும் தாண்ட வேண்டாம். தெரேசா அங்கே புருஷனுக்குச் சரிக்குச் சரி வாதாடுகிறாள், பல இடங்களில் அவள் சொல்வதுதான் சரி.